ஏழெழுத்துச் சொல்

விமரிசனத்துக்கு உரிய இலக்கிய வகைகள் என்று நம் பண்டிதர்கள் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறார்கள். காவியம், நாடகம், நாவல், சிறுகதை, கட்டுரை என்று அது போகும். அந்த ஜாபிதாவில் இடம் பெறாத ஓர் எழுத்து வகையை நம்மில் பலர் தினமும் காலைக் காப்பியோடு வாசிக்கிறோம். காவியத்தையாவது வருஷத்துக்கு ஒரு முறைதான் புரட்டுகிறோம். இதை ஒரு நாள் தவறவிட்டாலும் அன்றைய பொழுதே சரியாக விடிந்ததாகத் தோன்றுவதில்லை. இங்கிலீஷ்ப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரைத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் விமரிசனம் செய்வதா என்று வாசகர் கேட்கலாம். பத்துப் பேர் பொழுதுபோக்குக்காகச் செய்வது வெறும் பொழுதுபோக்கு. ஒரு நகரத்தின் படித்த வர்க்கம் தலைமுறை தலைமுறையாக ஒரு காரியத்தைச் செய்து கொண்டிருந்தால், அதில் அந்த வர்க்கத்தின் ரஸனையும் இருக்கும், சுபாவமும் இருக்கும். ஆகவே அது விமரிசனத்துக்கு உரியதுதான்.

மயிலாப்பூர்ப் பக்கம் காலை நேரத்தில் இரண்டு வீட்டு மாடிகளுக்கு நடுவே இப்படி ஒரு சம்பாஷணை நடந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்:

"ஓய், ஏழெழுத்து. மூணாவது 'ஸி', கடைசி 'என்'. உமக்கு ஏதாவது தட்டுப்படறதோ?"

"குறிப்பு என்ன போட்டிருக்கான்?"

"அது கிடக்கட்டும் ஓய். வார்த்தை இருந்தாச் சொல்லும்!"

இந்த மூன்று வரியில் குறுக்கெழுத்து ரஸிகர்களின் இரண்டு ஜாதியும் வந்துவிட்டன. ஒருவர் அர்த்தத்தைக் கேட்கிறார். இன்னொருவருக்கு நீளமும் எழுத்தும் போதும். முதல்வர் வாசகர், இரண்டாமவர் கணக்கர். இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கணக்கரின் பக்கத்தையே முதலில் பார்ப்போம். இங்கிலீஷில் 26 எழுத்துக்கள். ஐந்து கட்டத்தில் இஷ்டம்போல் எழுத்துக்களைப் போட்டுக்கொண்டே போனால் 1,18,81,376 வரிசைகள் கிடைக்கும். 2022-ல் வீட்டுக்கு வீடு பரவிய 'வேர்டில்' என்ற ஐந்தெழுத்து விளையாட்டில், விடையாக வரலாம் என்று முதலில் வைத்திருந்த சொற்கள் சுமார் 2,300-தான். ஒரு கோடியே பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகளில் பழகிய சொல்லாக உயிரோடு உலவுவது சில ஆயிரம்! மற்றவை பிறக்கவே இல்லை. எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து உட்காரும், எது உட்காராது என்பது ஒரு பாஷையின் பழக்க வழக்கம். 'க்யூ' வந்தால் பின்னாலேயே 'யூ' வரும் என்று நமக்கு யாரும் சூத்திரம் சொல்லித் தந்ததில்லை. வாசித்து வாசித்து விரலுக்கே தெரிந்திருக்கிறது. அந்தத் தெரிவு அற்பமானதல்ல. ஆனால் அது வாசலோடு நின்றுவிடுகிற தெரிவு.

இந்த விளையாட்டின் சரித்திரம் நீளமானதல்ல. 1913 டிசம்பர் 21-ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டு வெளியிட்டார். அதில் குறிப்பு நேரான அர்த்தம்தான். அகராதி தெரிந்தால் போதும். இங்கிலாந்துக்குப் போனதும் அதற்குக் குறும்பு வந்துவிட்டது. 1926-லிருந்து 'அப்ஸர்வர்' பத்திரிகையில் 'டார்க்விமடா' என்ற புனைபெயரில் பாவிஸ் மாதர்ஸ் என்பவர் புதிர் போட ஆரம்பித்தார். அந்தப் பெயர் ஸ்பெயின் தேசத்து மத விசாரணைச் சித்திரவதைக்காரனுடையது! குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோல் வேறொன்றைச் சொல்லும் கலை அவர் கையில் வளர்ந்தது. 1930-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையும் குறுக்கெழுத்துக்கு இடம் கொடுத்தது.

நம் ஊரில் 1878-ல் தொடங்கிய 'ஹிந்து' பத்திரிகையில் 1971-ல் குறுக்கெழுத்து வந்தது. அதைக் கட்டியவர் யார் தெரியுமா? இந்தியக் கடற்படையின் தலைமையை 1958-ல் ஏற்ற முதல் இந்தியர், செங்கற்பட்டில் பிறந்த அட்மிரல் ராம்தாஸ் கடாரி. கப்பல் படையை நடத்தியவர் ஓய்வு பெற்றபின் கட்டங்களை நடத்தினார். 1983-ல் காலமாகும் வரையில் நடத்தினார். யுத்த தந்திரமும் குறுக்கெழுத்துத் தந்திரமும் ஒன்றேதான் போலிருக்கிறது: எதிரியை வேறு பக்கம் பார்க்க வைப்பது.

ஒரு நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும்? நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். 'மெட்ராஸ்' என்பதற்கு இங்கிலீஷில் ஆறு எழுத்து. அதே ஆறு எழுத்தைக் கலைத்து அடுக்கினால் 'டிராமாஸ்', அதாவது நாடகங்கள். "மெட்ராஸ் கலைந்தால் நாடகங்கள்" என்று குறிப்பு எழுதலாம். 'நாடகங்கள்' என்பது அர்த்தம். 'கலைந்தால்' என்பது வழி. 'மெட்ராஸ்' என்பது சரக்கு. மூன்று சொல்லுக்கும் வேலை இருக்கிறது. சோம்பேறிச் சொல் ஒன்றும் இல்லை. மேலாக வாசித்தாலும் வாக்கியம் பொய்யாகவில்லை. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் முதலானவர்கள் ஆரம்பித்த சுகுண விலாச சபையிலிருந்து, 1952-ல் தோன்றிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் வரையில் நாடகத்தைத் தவிர வேறு எதற்காக இந்தப் பட்டணத்தார் சாயங்காலம் வேஷ்டி மடித்து உடுத்திக் கிளம்பினார்கள்?

'மயிலாப்பூர்' என்பதை இங்கிலீஷ்காரன் எழுதுகிறபடி எட்டு எழுத்தில் எழுதிக் கலைத்தால் 'ப்ளே மோர்' என்று வரும். இன்னும் விளையாடு என்று உத்தரவு! 'அடையாறு' ஐந்தெழுத்து, கலைத்தால் 'எ யார்டு', ஒரு கெஜம். அந்தப் பிராந்தியத்தில் மனை விலை விசாரித்தவர்கள் பெருமூச்சு விடலாம். 'டி. நகர்' என்ற ஆறெழுத்துக்கூடச் சும்மா இருக்கவில்லை. 'கிராண்டா' என்று ஆகிறது. கேம்பிரிட்ஜில் ஓடுகிற நதியின் பழைய பெயர் அது. ஓர் இலக்கியப் பத்திரிகையின் பெயரும் அதுதான். பனகல் பார்க்கைச் சுற்றி ஜவுளி மூட்டைகளோடு நகர்கிற ஜனநதியைப் பார்த்தவர்கள் நதி என்பதை ஒப்புக்கொள்வார்கள். இலக்கியத்துக்குத்தான் அங்கே நிற்க இடமில்லை.

கடைசியாக 'சென்னை'. 1996-ல் ஊருக்கு இந்தப் பெயரை அதிகாரபூர்வமாக வைத்தார்கள். இங்கிலீஷில் ஏழெழுத்து, கலைத்தால் 'என்செயின்', சங்கிலியால் பிணைப்பது. மாடியில் நின்றவர் தேடிய சொல்லும் அதுதான்: மூன்றாவது 'ஸி', கடைசி 'என்'. நாடகங்களாக இருந்த ஊர் சங்கிலியாகிவிட்டதே என்று இதிலிருந்து ஒரு தத்துவம் பேச யாருக்காவது ஆசை வரலாம். இங்கேதான் ரஸிகன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எழுத்துக்கள் இப்படி அமைந்தது தற்செயல். தற்செயலை வைத்து விளையாடலாம். அதிலிருந்து தீர்ப்பு எழுதக்கூடாது. நல்ல குறுக்கெழுத்தாசிரியன் தற்செயலைப் பிடித்து வாக்கியமாக்கிச் சிரிக்க வைக்கிறான். அதற்கு மேல் அவன் எதுவும் கோருவதில்லை. அந்த அடக்கம்தான் அவன் கலையின் மரியாதை.

இந்த அடக்கம் இல்லாமல் எழுத்தோடு உறவு வைத்துக்கொண்டதும் நம் ஊரில் உண்டு. மூன்று வகையாகச் சொல்லலாம்.

முதலாவது, பணத்துக்காக. 1928-ல் எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கினார் என்று ஒரு கதை வழங்குகிறது. எழுத்தை எண்ணி விலை பேசிய கதை எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்! பின்னால் அந்தப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டி வீடுகளில் பெரிய பரபரப்பு. அந்தக் காலத்தில் தேசமெங்கும் பத்திரிகைகள் இப்படிப் பரிசுப் போட்டிகள் நடத்தின. இத்தகைய போட்டிகள் பலவற்றில் புதிருக்குப் பதில் சூதாட்டமே இருந்தது. 'வெயில் காலத்தில் அதிகமானால் உடம்புக்கு ஆகாது' என்று குறிப்பு இருக்கும். நான்கெழுத்தில் முதல் எழுத்து மட்டும் காலி. 'ஹீட்' என்றாலும் பொருந்தும், 'மீட்' என்றாலும் பொருந்தும். உஷ்ணமா, மாமிசமா? எது சரி என்பதை அர்த்தம் சொல்லாது. முன்பே முத்திரையிட்டு வைத்த உறைதான் சொல்லும். ஆகவே ஜனங்கள் ஒன்றுக்குப் பத்தாகக் கூப்பன் வாங்கி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார்கள்.

1955-ல் பார்லிமெண்ட் பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டு வந்தது. மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 விடைகளுக்கு மேல் வாங்கக்கூடாது என்று கட்டுப்பாடு. அதை எதிர்த்து வழக்கும் நடந்தது. 1957-ல் சுப்ரீம் கோர்ட்டு, திறமைக்குப் பெரும் பங்கு இல்லாமல் அதிர்ஷ்டத்தையே நம்பி நடக்கிற போட்டி சூதாட்டம். அதற்கு வியாபாரச் சுதந்திரம் என்ற பாதுகாப்புக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. கோர்ட்டார் சட்டம் பேசினார்கள். எனக்கு அது ஓர் இலக்கிய விமரிசனமாகவே படுகிறது. இரண்டு விடை சம பலத்தோடு பொருந்துகிற குறிப்பு மோசமான குறிப்பு. எப்படி வேண்டுமானாலும் முடித்திருக்கலாம் என்று தோன்ற வைக்கிற சிறுகதை மோசமான சிறுகதை இல்லையா? அதேதான் இதுவும்.

இரண்டாவது, அதிர்ஷ்டத்துக்காக. அம்மா அப்பா ஆசையாக வைத்த தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் போட்டு, கூட்டுத்தொகை சரியில்லை என்று நடுவில் ஓர் 'ஏ'யும் கடைசியில் ஒரு 'ஹெச்'சும் செருகிக்கொள்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! கூப்பிடுகிற சப்தம் மாறவில்லை, அர்த்தமும் மாறவில்லை. எழுத்து மட்டும் ஒன்றுக்கு இரண்டாகிறது. பாஷை வேறு, அர்த்தம் வேறு, எழுத்து வேறு என்று மூன்றையும் மூன்று துண்டாக்கி எழுத்துக்கு மட்டும் கற்பூரம் காட்டுகிற வழிபாடு இது.

மூன்றாவது, பரீட்சைக்காக. அமெரிக்கப் படிப்புக்குப் போகும் பிள்ளைகள் ஜி.ஆர்.இ. பரீட்சைக்காக 'பேரன்ஸ்' பட்டியலின் 3,500 சொற்களை உருப்போட்ட காலம் ஒன்று உண்டு. சொல், அதற்கு எதிர்ச்சொல். சொல், அதற்கு எதிர்ச்சொல். 2011-ல் எதிர்ச்சொல் கேள்விகளைப் பரீட்சையிலிருந்து எடுத்தார்கள். 'தாராளம்' என்பதற்கு ஐந்து இங்கிலீஷ்ச் சொல் தெரிந்த பிள்ளைக்கு, அவற்றுள் எது ராஜாவின் தாராளத்துக்குப் பொருந்தும், எது பக்கத்து வீட்டுப் பாட்டியின் தாராளத்துக்குப் பொருந்தும் என்று தெரியாது. தெரியும்படி அவன் அந்தச் சொல்லை ஒரு வாக்கியத்தில் சந்தித்ததே இல்லை. நாவல் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: மனிதர்களைப் போலவே சொற்களையும் அவை புழங்குகிற வீட்டில் போய்ப் பார்த்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இந்த மூன்றையும் பார்த்தபின் மாடிக்காரர்களின் குறுக்கெழுத்தைப் பார்த்தால் அதன் உயர்வு புலப்படுகிறது. அது பணம் தருவதில்லை, யோகம் தருவதில்லை, விஸாவும் தருவதில்லை. ஒரு வாக்கியத்தைத் தருகிறது. அதை இரண்டு விதமாக வாசிக்கச் சொல்கிறது. 1944-ல் மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் மயிலாப்பூரில் ராமாயணத்தைப் பற்றி வாரந்தோறும் இங்கிலீஷில் பிரசங்கம் செய்தபோது ஜனங்கள் கூடிக் கேட்டார்கள். வால்மீகியையே இங்கிலீஷில் கேட்டு ரஸித்த ஊர், இங்கிலீஷ்ச் சிலேடையை ரஸிப்பதில் அதிசயமில்லை.

சிலேடை என்றதும் கேள்வி வருகிறது. காளமேகப் புலவர் பிறந்த பாஷையில் நாம் ஏன் இந்தக் கலையை வளர்க்கவில்லை? தமிழ்ப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்து இல்லாமலில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை "காட்டு மிருகம், மூன்றெழுத்து" என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த 'தென்றல்' போன்ற பத்திரிகைகளில்தான் சூட்சுமமான குறிப்புகளோடு தமிழ்ப் புதிர்கள் வெளிவந்தன. கடல் கடந்தவர்களுக்கு இருந்த துணிச்சல் நமக்கு ஏன் இல்லை?

பாஷையின் அமைப்பில் ஒரு காரணம் இருக்கிறது. தமிழுக்கு 247 எழுத்து. மூன்று கட்டத்தில் அவற்றை இஷ்டம்போல் அடுக்கினால் 1,50,69,223 வரிசைகள். இங்கிலீஷின் ஐந்து கட்டக் கணக்கைவிட நம் மூன்று கட்டக் கணக்குப் பெரியது! நம் எழுத்தில் பெரும்பாலானது உயிரையும் மெய்யையும் சேர்த்துச் சுமக்கிறது. அதனால் அதைக் கலைப்பது கஷ்டம். 'சென்னை' என்பது தமிழில் மூன்றே எழுத்து. எப்படிப் புரட்டினாலும் வேறு சொல் ஆகாது. அதோடு, மெய்யெழுத்துச் சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு வருக்கமும் முதலில் வாரா என்பது நன்னூலார் கணக்கு. கட்டத்தின் முதல் வரியில் 'ன்' வந்துவிட்டால் அதற்குக் கீழே ஒரு சொல்லைத் தொங்கவிட வழியே இல்லை. இங்கிலீஷ்க் கட்டத்தை அப்படியே தமிழில் இறக்குமதி செய்தவர்கள் திணறியதற்கு இதுதான் காரணம். தமிழின் ஏழ்மை காரணமல்ல.

ஏனென்றால் தமிழின் விளையாட்டு வேறு. இங்கிலீஷ் எழுத்தைக் கலைக்கிறது. தமிழ் சொல்லை வெட்டுகிறது. தண்டியலங்காரத்தில் சொல்லணி என்று ஓர் இயலே இருக்கிறது. மடக்கு என்பது ஒரே எழுத்துத் தொடர் இடத்துக்கு இடம் வேறாகப் பிரிந்து வேறு பொருள் தருவது. அக்கரச் சுதகம் என்பது ஒவ்வோர் எழுத்தாகக் குறைத்துக்கொண்டே போவது. மாலைமாற்று என்பது தலைகீழாக வாசித்தாலும் அதுவாகவே நிற்பது. திருஞானசம்பந்தர் சீகாழிப் பதிகம் ஒன்றை முழுவதும் இப்படிப் பாடியிருக்கிறார். 'விகடகவி' என்று குழந்தைகள் சொல்லிக் காட்டுவதும் அந்த வம்சம்தான்.

இந்த வழியில் குறிப்பு எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும்? "பல கரங்கள் சேர்ந்தும் ஒரு மரத்துண்டு" என்றால் மூன்றெழுத்தில் 'பலகை'. "மெரினாவில் எதைப் பார்க்கலாம், எதைக் கொறிக்கலாம்?" என்றால் இரண்டுக்கும் ஒரே விடை, மூன்றெழுத்தில் 'கடலை'. "பெரிய ஊர், தலை போனாலும் ஊர்தான், மறுபடி தலை போனால் கைதான் மிச்சம்" என்றால் ஐந்தெழுத்தில் 'மாநகரம்', பிறகு நகரம், பிறகு கரம். இவை பெரிய கவித்துவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் எழுதக்கூடியவை. ஆனால் "காட்டு மிருகம்" என்பதற்கும் இவற்றுக்கும் உள்ள தூரத்தை வாசகர் பார்க்கலாம். அங்கே பாஷை அகராதியாக இருக்கிறது. இங்கே பாஷை பேசுகிறது.

இப்போது ஒரு புதுச் சங்கதி. தெரிந்த எழுத்தைத் தட்டி, தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டால், கம்ப்யூட்டர் அந்த நீளத்தில் பொருந்துகிற சொற்களையெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் வரிசையாகக் கொட்டிவிடுகிறது. நீளவாரியாகச் சொற்களை அடுக்கிய தடிப் புத்தகங்கள் முன்பே உண்டு. இது அவற்றின் அவதாரம். 'புதிரே செத்துப் போச்சு' என்று பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. செத்தது கணக்கரின் உத்தியோகம் மட்டும். நீளத்தையும் எழுத்தையும் வைத்துச் சொல்லைப் பிடிப்பது யந்திரத்துக்கு உரிய வேலை என்பது நிரூபணமாகிவிட்டது. நல்லதுதான், வாசகரின் உத்தியோகம் அப்படியே இருக்கிறது. யந்திரம் நாற்பது சொல்லைக் கொடுத்தாலும் எது விடை என்று குறிப்பைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பு ஏன் அப்படிச் சொல்லிற்று என்று புரிந்துகொண்டு 'அடடா!' என்று சொல்கிற இன்பமும் அங்கேதான் இருக்கிறது. விடையைப் பார்த்துவிட்டு அந்த 'அடடா'வைச் சொல்லாமல் கட்டத்தை நிரப்புகிறவர், கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு உட்காராமல் திரும்புகிறவரைப் போன்றவர்.

ஆகவே என் தீர்ப்பு இது. இங்கிலீஷ்க் குறுக்கெழுத்தைப் போடுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும். குறிப்பை வாசித்துப் போடட்டும். அதில் தேறிய காதுகள் ஒரு நாளாவது தமிழ்ப் பக்கம் திரும்பட்டும். ஒரு வாக்கியம் இரண்டு குரலில் பேசுவதைக் கேட்கப் பழகியவர்கள் நம் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்ற தமிழ்க் குறிப்பை எழுதுகிறவர்கள்தான் குறைவு. கட்டம் காலியாக இருக்கிறது. எழுத்தும் 247 இருக்கிறது.